பழைய ஆங்கிலக் கதைகளில் வரும் சாதுவான ஆணைச்சொற்கள்: படிக்கவும் தமிழாக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆணைச்சொல் என்று நான் இங்கே சொல்வது கட்டளையை அன்று; வியப்பிலோ எரிச்சலிலோ கடவுள், சாத்தான் பெயரைச் சொல்லி இடும் சத்தியத்தையும் சாபத்தையும். அந்தப் பெயரை மழுப்பிச் சொன்னால் அது சாதுவான ஆணைச்சொல். பழைய ஆங்கில நாடகமோ நாவலோ படிக்கிறவர்கள் இந்தச் சொற்களில் ஒருமுறையாவது இடறியிருப்பார்கள்: 'ஸவுண்ட்ஸ்', 'கேட்ஜூக்ஸ்', 'இகேட்', 'லாக்ஸ்', 'பை ஜோவ்', 'டிராட்', 'கிரைக்கி', 'வாட் தி டியூஸ்'. அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான் கிடைக்கும்: வியப்பையோ எரிச்சலையோ காட்டும் சொல், வழக்கொழிந்தது. இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பேசுகிறவர் படைத்தலைவரா பலகாரக் கடைக்காரரின் மனைவியா, எதிரில் இருந்தவர் சிரித்தாரா முகம் சுளித்தாரா, கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதிர்ந்தார்களா என்பதையெல்லாம் அகராதி சொல்லாது.

இந்தச் சொற்களுக்குப் பொருள் தேடுவதே வீண் வேலை என்பது என் கட்சி. இரண்டைத்தான் தேட வேண்டும். அது எந்தப் பெயரை மறைக்கிறது? யார் காதில் விழக்கூடாது என்று மறைக்கிறது? இவை தெரிந்துவிட்டால், 400 ஆண்டுப் பழைய வசனமும் பேசியவரின் வாய் மணத்தோடு கேட்கும். அதற்கான வழியைப் படிப்படியாகத் தருகிறேன். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கும் தமிழில் மொழிபெயர்ப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன்: மறைப்பது எதற்காக?

யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் 7ஆம் வசனம் இது: "உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக." ஆங்கிலத் திருச்சபை இதை மூன்றாம் கட்டளையாக எண்ணுகிறது, கத்தோலிக்கர்கள் இரண்டாம் கட்டளை என்பார்கள். கடவுளைச் சாட்சிக்கு இழுத்துப் பொய் சொல்வது மட்டும் குற்றமன்று, கால் தடுக்கியதற்கெல்லாம் அந்தப் பெயரை உதிர்ப்பதும் பாவம் என்று இதற்கு விளக்கம் விரிந்தது.

இடைக்கால இங்கிலாந்தில் இன்னும் பயங்கரமான ஒரு நம்பிக்கை இருந்தது. கிறிஸ்துவின் உறுப்புகளைச் சொல்லி ஆணையிடுகிறவன் அவருடைய உடலை மறுபடியும் கிழிக்கிறான் என்றார்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில், பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன் இதைத்தான் பிரசங்கமாகச் செய்கிறான். சூதாடிகள் கடவுளின் இதயத்தின் மேல், அவருடைய ஆணிகளின் மேல், ஹெய்ல்ஸ் மடத்தில் இருக்கும் கிறிஸ்துவின் இரத்தத்தின் மேல் என்று அடுக்கடுக்காக ஆணையிடுவதை அவன் பேசியே காட்டுகிறான். கண்டிக்கிற சாக்கில் எல்லாவற்றையும் தானே ஒருமுறை சொல்லித் தீர்த்துக்கொள்கிறான் என்பது வேறு விஷயம்.

தமிழ் வாசகர் தாண்ட வேண்டிய வேலி இங்கேதான் இருக்கிறது. 'சிவசிவ என்றிடத் தீவினை மாளும்' என்று திருமூலர் பாடிய மொழி நம்முடையது. தும்மினாலும் தடுக்கி விழுந்தாலும் 'முருகா', 'ராமா', 'மாரியாத்தா' என்றுதான் வாய் திறக்கிறது. அதைக் கேட்டு யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை. இறைவன் பெயரைச் சொல்வது நமக்குப் புண்ணியக் கணக்கு, அவர்களுக்குக் கடன் கணக்கு. சாவையும் அமங்கலத்தையும் வாய்விட்டுச் சொல்லத்தான் நமக்குக் கூச்சம். நன்னூல் இடக்கரடக்கல், மங்கலம் என்று தகுதி வழக்கில் வைப்பதெல்லாம் அந்தக் கூச்சத்தின் இலக்கணமே. ஆங்கிலத்துக்காரர்கள் நமக்கு அச்சமே இல்லாத இடத்தில் இடக்கரடக்கினார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: உள்ளே ஒளிந்திருப்பது யார் என்று பாருங்கள்

ஒளிந்திருப்பவர்களின் பட்டியல் மிகச் சிறியது. மேல் உலகத்தில் காட், ஜீசஸ், கிறைஸ்ட், லார்ட், மேரி. கீழ் உலகத்தில் டெவில், ஹெல், டேம் என்னும் சாபம். இந்த எட்டுக்குள் ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும்.

'காட்' என்பதிலிருந்து காஷ், காலி, கேட், இகேட், பிகேட், யார்க்ஷயர்க்காரர்களின் 'பை கம்', மேடை ஐரிஷ்காரரின் 'பிகோரா' எல்லாம் வந்தன. 'ஜீசஸ்' ஜீ, ஜீஸ், ஜீ விஸ் ஆனார். 'கிறைஸ்ட்' கிரைக்கியாகவும் கிரைப்ஸாகவும் வேடம் போட்டார். 'ஜிமினி கிரிக்கெட்' என்பதைச் சற்று உரக்கச் சொல்லிப் பாருங்கள்: முதல் சொல் ஜீசஸ், இரண்டாவது கிறைஸ்ட். 1940இல் டிஸ்னி நிறுவனம் பினோக்கியோ படத்தில் தொப்பி போட்ட சில்வண்டு ஒன்றுக்கு இந்தப் பெயரை வைத்தது. குழந்தைகள் படத்தில் அந்தச் சொல் வந்துபோனதற்கு ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. வேடம் அவ்வளவு பொருந்தியிருந்தது.

'லார்ட்' என்பது லா, லார், லாக்ஸ் என்று தேய்ந்தது. கீழ் உலகத்தில் 'டெவில்' டியூஸாகவும் டிக்கன்ஸாகவும் மாறினான். 'ஹெல்' ஹெக் ஆயிற்று. 'டேம்' டார்ன், டேங், டேஷ் என்று பிரிந்தது.

'மேரி' மட்டும் தனி எச்சரிக்கைக்கு உரியவள். ஷேக்ஸ்பியரில் "மேரி, சார்" என்று ஒருவன் பதில் தொடங்கினால் அங்கே கல்யாணப் பேச்சும் இல்லை, மேரி என்ற பெண்ணும் இல்லை. எழுத்துக்கூட்டல் 'மணமுடி' என்னும் வினைச்சொல்லைப் போலவே இருப்பதால் மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இது. கன்னி மரியாள் மேல் இட்ட ஆணை தேய்ந்து தேய்ந்து, 'அது வந்து ஐயா', 'ஆமாம்' என்ற அளவுக்கு வலுவிழந்த நிலை அது.

படி 2: எப்படி ஒளித்தார்கள் என்பதைக் கண்டுபிடியுங்கள்

ஒளித்த விதம் தெரிந்தால் காலமும் ஓரளவு தெரிந்துவிடும்.

மிகப் பழைய முறை தலையை வெட்டுவது. 'காட்ஸ் வூண்ட்ஸ்', அதாவது கடவுளின் காயங்கள். இதில் 'காட்' என்பதை விழுங்கிவிட்டு ஒட்டிக்கொண்டிருந்த கடைசி ஒலியை மட்டும் வைத்துக்கொண்டால் 'ஸவுண்ட்ஸ்'. அதே வாய்பாட்டில் இரத்தம் 'ஸ்ப்ளட்', மரணம் 'ஸ்டெத்', கண்ணிமை 'ஸ்லிட்', சத்தியம் 'ஸ்ட்ரூத்'. கடைசிச் சொல் இன்னும் ஆஸ்திரேலியாவில் உயிரோடு இருக்கிறது. ஆங்கில அச்சில் எஸ் எழுத்துக்கு முன் ஒரு மேற்கோள் குறி தொங்கினால் அதுதான் வெட்டுப்பட்ட தலையின் அடையாளம்.

அடுத்த முறை தலையை வெட்டாமல் முகத்தை மாற்றுவது. 'காட்' என்பது 'ஆட்' ஆகிறது. 'ஆட்ஸ் பாட்கின்ஸ்' என்றால் கடவுளின் திருவுடல். கேட்ஜூக்ஸில் வரும் ஜூக்ஸ் சிலுவையில் அடித்த கொக்கி ஆணிகள் என்றே பொதுவாக விளக்குகிறார்கள். 'கடவுள் அழுகச் செய்யட்டும்' என்ற சாபம் 'ஆட் ராட்' ஆகி, பிறகு முன்னெழுத்தும் உதிர்ந்து 'டிராட்' ஆனது. லண்டன் தெருக்களின் 'ப்ளைமி' உண்மையில் 'கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்' என்ற கோரமான சத்தியத்தின் எச்சம்.

மூன்றாவது முறை ஆளையே மாற்றுவது. ஜோவ் என்பவர் ரோமர்களின் ஜூபிடர். அவருக்குக் கோயிலும் இல்லை, குறைப்பட்டுக்கொள்ளப் பக்தரும் இல்லை; எனவே கனவான்கள் 'பை ஜோவ்' என்று தாராளமாக ஆணையிட்டார்கள். 'பை ஜார்ஜ்' இங்கிலாந்தின் காவல் புனிதரைச் சுட்டுகிறது. 'பை ஜிங்கோ' யாரையும் சுட்டவில்லை, ஆனாலும் அரசியலில் ஆழக் காலூன்றியது. 1878இல் ரஷ்யாவோடு போர் மூளுமோ என்றிருந்த வேளையில் லண்டன் கேளிக்கை அரங்குகளில் ஒலித்த பாட்டொன்றில் 'எங்களுக்குப் போர் வேண்டாம், ஆனால் பை ஜிங்கோ, வந்தால் விடமாட்டோம்' என்ற பொருளில் வரி வந்தது. இன்று நம் தலையங்கங்களில் போர்வெறித் தேசப்பற்றைக் குறிக்க வரும் 'ஜிங்கோயிசம்' அந்த ஆணைச்சொல்லின் பேரப்பிள்ளை.

நான்காவது முறை அச்சகத்தில் பிறந்தது. 'டேம்' என்பதை முழுதாக அச்சிடக் கூசி, முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்து நடுவில் நீளக் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் டேஷ் என்று பெயர். வாசகர்கள் கோட்டையே வாய்விட்டுப் படிக்க, 'டேஷ் இட்' என்று ஒரு புதிய ஆணைச்சொல் கிடைத்துவிட்டது.

படி 3: நூலின் ஆண்டைப் பாருங்கள், பதிப்பையும் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படக்கூடாது.

1606இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் நாடகக்காரர்களை அடக்க ஒரு சட்டம் போட்டது. கடவுள், இயேசு கிறிஸ்து, பரிசுத்த ஆவி, திரித்துவம் ஆகிய பெயர்களை மேடையில் விளையாட்டாகவோ அவமதிப்பாகவோ சொன்னால், சொன்ன ஒவ்வொரு முறைக்கும் 10 பவுண்டு அபராதம். பாதி அரசருக்கு, பாதி காட்டிக்கொடுத்தவருக்கு. அன்றைய திறந்தவெளிக் கொட்டகையில் தரையில் நின்று நாடகம் பார்க்கக் கட்டணம் ஒரு பென்னி. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அப்படியானால் ஒரு 'காட்' 2400 பார்வையாளர்களின் காசைத் தின்றுவிடும். நடிகர்கள் நாக்கை அடக்கியதில் வியப்பில்லை.

இதன் தழும்பை ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவில் கண்ணாலேயே பார்க்கலாம். நாடகம் சட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டது. 1622இல் சிறு நூலாக வந்த பதிப்பில் முதல் வரி 'டஷ்' என்று உதட்டைப் பிதுக்குவதோடு தொடங்குகிறது. அடுத்த பேச்சில் நாடகத்தின் வில்லன் இயாகோ "ஸ்ப்ளட், நான் சொல்வதைக் கேட்கவே மாட்டேன் என்கிறாயே" என்று சீறுகிறான். அடுத்த ஆண்டு, 1623இல், வெளிவந்த பெருந்தொகுப்பைத் திறந்தால் 'டஷ்' காணோம், 'ஸ்ப்ளட்' காணோம். வெறுமனே "நான் சொல்வதைக் கேட்கவே மாட்டேன் என்கிறாயே" என்றிருக்கிறது. சற்றுப் பின்னால், "ஸவுண்ட்ஸ், ஐயா, உங்கள் வீடு கொள்ளை போயிற்று" என்று நள்ளிரவில் கத்துகிற வரியிலும் ஆணை உதிர்ந்து "ஐயா, உங்கள் வீடு கொள்ளை போயிற்று" என்று சாந்தமாகிவிடுகிறது. சட்டம் மேடைக்குத்தான், அச்சுக்கு அல்ல; ஆனாலும் மேடைக்காக வெட்டியது அச்சிலும் ஏறிவிட்டது. வேறு நாடகங்களில் 'காட்' இருந்த இடத்தில் 'ஹெவன்' உட்கார்ந்திருக்கும்.

இயாகோ என்ற பாத்திரத்துக்கு இது சின்ன இழப்பன்று. அவன் வாயில் கழுவாத பேச்சு இருப்பதும், ஒதெல்லோ தொடக்கத்தில் நிதானமாகப் பேசுவதும், நாடகம் போகப் போக அந்த அழுக்கு ஒதெல்லோவின் வாய்க்கும் தொற்றுவதும் ஒரு கட்டுமானம். எனவே உங்கள் கையில் இருக்கும் பதிப்பு எந்த மூலத்தைப் பின்பற்றுகிறது என்று முன்னுரையில் பாருங்கள். 'இயாகோ மரியாதையாகத்தானே பேசுகிறான்' என்று முடிவு கட்டுவதற்கு முன் இது அவசியம்.

18ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் அச்சம் தேய்ந்து நாகரிகப் பித்து தலைதூக்குகிறது. 1775இல் மேடையேறிய ஷெரிடனின் தி ரைவல்ஸ் நாடகத்தில் பாப் ஏக்கர்ஸ் என்ற நாட்டுப்புறக் கனவான் வருகிறார். 'டேம் போன்றவற்றுக்கெல்லாம் காலம் முடிந்துவிட்டது' என்று அறிவித்துவிட்டு, பேசும் பொருளுக்கு ஏற்ற ஆணையைத்தான் இடவேண்டும் என்று ஒரு கொள்கையே வகுத்துவைத்திருக்கிறார். பயணத்தைப் பற்றிப் பேசினால் 'ஆட்ஸ், சாட்டைகளும் சக்கரங்களும்!' துப்பாக்கிச் சண்டைக்கு அழைக்கத் துணிந்தால் சிக்கிமுக்கிக் கல்லையும் விசையையும் கூட்டி ஓர் ஆணை. உள்ளே இருந்த 'காட்' செத்துப்போய் வெறும் ஓடு மிஞ்சிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இதைப் படித்துவிட்டு 'ஆட்ஸ்' என்று வரும் இடத்திலெல்லாம் பக்தியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

19ஆம் நூற்றாண்டில் கத்தரியை எடுத்தவர்கள் பதிப்பாசிரியர்களும் நண்பர்களும். மார்க் ட்வைன் டாம் சாயரை எழுதியபோது, விதவை வீட்டில் படும் பாட்டை ஹக் ஃபின் சொல்லும் இடத்தில், தலையை 'நரகம் வரைக்கும்' சீவி விடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த நண்பரும் இதழாசிரியருமான ஹோவெல்ஸ் வேண்டாம் என்றார். 1876இல் அச்சான நூலில் ஹக்கின் தலையை 'இடி வரைக்கும்' சீவுகிறார்கள். ஒரு ஊர்ச்சுற்றிப் பையன் 'தண்டர்' என்று பேசுவது செயற்கையாகப் படுகிறதா? உங்கள் காது சரியாகத்தான் வேலை செய்கிறது.

20ஆம் நூற்றாண்டில் அந்த வேலையை ஹாலிவுட் எடுத்துக்கொண்டது. 1927இல் தயாரிப்பாளர்கள் வகுத்த 'கூடாதவை' பட்டியலில் காட், லார்ட், ஜீசஸ், கிறைஸ்ட், ஹெல், டேம் எல்லாம் இருந்தன. கடைசியில் 'காட்' என்பதைக் கொச்சையாக இழுத்துச் சொல்லும் 'கா...ட்' கூட, ஏமாற்ற முடியாது என்பதுபோல், தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அக்காலப் படங்களில் முரடர்களும் 'ஜீ' என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

படி 4: பேசுகிறவரையும் கேட்கிறவரையும் எடைபோடுங்கள்

ஆணைச்சொல்லுக்கும் வர்க்கத்துக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்து சட்டமாகவே எழுதிவைத்திருந்தது. 1745ஆம் ஆண்டின் சட்டப்படி தெய்வநிந்தையாக ஆணையிட்டால் கூலித் தொழிலாளிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் கப்பலோட்டிக்கும் 1 ஷில்லிங் அபராதம். கனவான் நிலைக்குக் கீழே உள்ள மற்றவர்களுக்கு 2. கனவானுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் 5. இரண்டாம் முறை இரட்டிப்பு, அதற்குப் பிறகு மூன்று மடங்கு. 1967இல்தான் இது சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது.

பெரிய இடத்துக்காரர்கள் கூடுதலாகக் கட்டினார்கள், கூடுதலாகவும் திட்டினார்கள். சாதுவான ஆணைச்சொல் உண்மையில் நடுத்தர வர்க்கத்தின் சொத்து. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதல் பாகத்தில் ஹாட்ஸ்பர் என்னும் போர்ப்பிரபு தன் மனைவி 'இன் குட் சூத்', அதாவது 'சத்தியமாக', என்று மென்மையாகச் சொன்னதற்குக் கேலி செய்கிறான். மிட்டாய்க் கடைக்காரர் மனைவி மாதிரி ஆணையிடுகிறாயே, சீமாட்டியாக இருந்தால் வாய் நிறைய ஓர் ஆணை இடு, இந்த இஞ்சி ரொட்டிச் சத்தியத்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உடுத்திக்கொண்டு திரியும் நகரத்தாருக்கு விட்டுவிடு என்கிறான். ஒரு பாத்திரம் மெல்லிய சொல்லைத் தேர்ந்தெடுத்தால் 'நல்ல குணம்' என்று குறித்துக்கொண்டு நகராதீர்கள். கடையும் கணக்கும் மரியாதையும் உள்ள குடும்பமா என்று பாருங்கள்.

ஜேன் ஆஸ்டின் இதில் கைதேர்ந்தவர். 1813இல் வந்த பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் நாவலில், டார்சியைத்தான் மணக்கப்போகிறேன் என்று எலிசபெத் சொன்னதும் அவளுடைய தாய் திருமதி பென்னட் சற்று நேரம் வாயடைத்து உட்கார்ந்துவிட்டுப் பிறகு கொட்டுகிறாள்: 'குட் கிரேஷியஸ்! லார்ட் பிளெஸ் மீ! ஒன்லி திங்க்! டியர் மீ! மிஸ்டர் டார்சி!' ஒரே மூச்சில் மூன்று ஆணைச்சொற்கள், ஒன்றுக்கும் எடையில்லை. அவளுடைய கடைக்குட்டி லிடியாவின் வாயில் 'லார்ட்' எச்சில் போல ஊறிக்கொண்டே இருக்கும்; அவள் தாயின் மகள் என்று ஆசிரியர் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அதே நாவலில் டார்சியைக் கவனியுங்கள். பேச்சைக் காசு போல எண்ணிச் செலவிடும் மனிதர். விடுதியில் கடிதத்தைப் படித்துவிட்டு வெளிறிப்போய் நிற்கும் எலிசபெத்தைப் பார்த்ததும் 'குட் காட்! என்ன நேர்ந்தது?' என்று கத்திவிடுகிறார். மரியாதையை மிஞ்சிய உணர்ச்சியோடு கேட்டார் என்று ஆஸ்டின் உடனே ஒரு குறிப்பும் சேர்க்கிறார். காதலை அவர் இரண்டாம் முறை வாய்திறந்து சொல்வதற்கு வெகு முன்பே இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. திருமதி பென்னட் வாயில் வந்திருந்தால் காற்றோடு போயிருக்கும். ஒரு பாத்திரத்தின் வழக்கமான அளவு என்ன என்று தெரிந்தால்தான் அது மீறப்பட்ட இடம் தெரியும். இதற்கு எளிய வழி இருக்கிறது. பதிப்புரிமை முடிந்த நூல்கள் பிராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் முழுதாகக் கிடைக்கின்றன. அந்தப் பாத்திரம் சொல்லும் ஆணைகளையெல்லாம் தேடி ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்.

கேட்கிறவர் விஷயத்தில் கில்பர்ட்டும் சல்லிவனும் 1878இல் தந்த எச்.எம்.எஸ். பினஃபோர் என்ற இசை நாடகம் போதும். எப்போதாவது 'பாதர் இட்' என்பேன், ஆனால் பெரிய 'டி' போட்ட சொல்லை, அதாவது 'டேம்' என்பதை, சொல்லவே மாட்டேன் என்று கப்பல் தலைவர் பாடுகிறார். மாலுமிகள் 'எப்போதுமே?' என்று இருமுறை கேட்க, 'அனேகமாக' என்று இறங்கிவருகிறார். பின்னால் அந்தச் சொல் நிஜமாகவே வாய் தவறி வருகிறது. கடற்படை அமைச்சரும் அவருடைய சொந்தக்காரப் பெண்கள் கூட்டமும் கேட்டுத் துடித்துப்போகிறார்கள். கப்பல் தலைவர் தம் அறைக்குள் போகும்படி அனுப்பப்படுகிறார்.

படி 5: அன்றைய எடையை இன்றைய தராசில் நிறுக்காதீர்கள்

'ப்ளடி' என்ற சொல்லை இன்று சென்னையில் கல்லூரி மாணவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். 1914 ஏப்ரல் 11 அன்று லண்டனில் பெர்னார்ட் ஷாவின் பிக்மேலியன் அரங்கேறியபோது அந்தச் சொல்லுக்காகவே ஊர் காத்திருந்தது. சீமாட்டி போலப் பேசப் பழக்கப்பட்ட பூக்காரி எலைசா, பூங்கா வழியாக நடந்து போகிறீர்களா என்ற கேள்விக்கு, குறையில்லாத உச்சரிப்பில் 'நாட் ப்ளடி லைக்லி' என்கிறாள். கொட்டகை அதிர்ந்தது, பிறகு சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. சிலகாலம் வேடிக்கைக்காக 'நாட் பிக்மேலியன் லைக்லி' என்று ஜனங்கள் பேசினார்கள்; நாடகத்தின் பெயரே மழுப்பல் ஆணையாகிவிட்டது.

அதற்கு முன் 1887இல் கில்பர்ட்-சல்லிவனின் ரட்டிகோர் நாடகத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பெயரின் நடுவில் ஒரு 'ஒய்' இருந்ததால் முன்பாதி 'ரட்டி', அதாவது சிவந்த, என்று வாசிக்க நேர்ந்தது. 'ரட்டி' என்பது 'ப்ளடி'க்கு மாற்றுச்சொல். முணுமுணுப்பு எழ, சில நாளிலேயே 'ஒய்' போய் 'ஐ' வந்தது. மாற்றுச்சொல்லே உறுத்திய காலம் அது.

எதிர்த்திசையிலும் எடை மாறும். 'ஸவுண்ட்ஸ்' ஒருகாலத்தில் நெருப்பு, இன்று கோமாளி வேடத்தில் வரும் கடற்கொள்ளையன் பேச்சு. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு வாரியாக மேற்கோள் உண்டு. உங்கள் நூலின் ஆண்டுக்குப் பத்து இருபது ஆண்டு முன்பின் உள்ள மேற்கோள்களை மட்டும் படியுங்கள், மற்றவற்றைத் தள்ளுங்கள்.

படி 6: அழகான கதைகளை நம்பாதீர்கள்

'வாட் தி டிக்கன்ஸ்' சார்லஸ் டிக்கன்ஸிடமிருந்து வந்தது என்பார்கள். அவர் பிறந்தது 1812. ஷேக்ஸ்பியரின் மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர் நாடகத்தில் ஒரு பெண் அதை அவருக்கு இருநூறு ஆண்டு முன்பே சொல்லிவிட்டாள்.

'ஐ டோன்ட் கேர் எ டேம்' என்பதில் வருவது சாபமன்று, நம் நாட்டுச் செம்புக் காசான 'தாம்' என்ற கதை இந்தியர்களுக்குப் பிடித்தமானது. அக்பர் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 40 தாம். 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற ஆங்கிலோ-இந்திய அகராதி இந்த விளக்கத்தைப் பரப்பியது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் சான்றில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கும் கதை பிடிக்கும். அதற்காக அடிக்குறிப்பில் போட்டுவிட முடியாது. 'ப்ளடி' என்பது 'பை அவர் லேடி', அதாவது 'நம் மாதா மேல் ஆணை', என்பதன் திரிபு என்பதும் இதே ரகம்.

படி 7: தமிழாக்கும்போது

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நல்ல சொர்க்கங்களே!', 'வியாழன் மேல் ஆணை!', 'பெரிய ஸ்காட்!' என்று பரிதாபமாக முடியும். முதல் ஆறு படிகளில் கிடைத்ததை வைத்து, பேசியவர் எவ்வளவு அடக்கினார், எவ்வளவு கசியவிட்டார் என்பதை மட்டும் தமிழில் எடுத்துவாருங்கள்.

எரிச்சலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 'டேஷ்ட் அம்ப்ரெல்லா' என்றால் 'பாழாய்ப்போன குடை'. 'டிராட்' என்பது கிழவி வாயில் வந்தால் 'சனியன்'. 'வாட் தி டியூஸ்' ஆண் வாயில் வந்தால் 'என்ன இழவு இது', சற்று மரியாதைப்பட்டவர் என்றால் 'என்ன கண்றாவி இது'. முழு 'டேம் யூ' என்பதை 'நாசமாய்ப் போக' என்று வைத்துக்கொண்டால் 'டார்ன்' அதற்கு ஒரு படி கீழே நிற்க வேண்டும். 'நீ நன்றாயிருப்பாய்' என்று வாழ்த்துவதுபோல வைகிற வழக்கம் அதற்குப் பொருந்தும். அமங்கலத்துக்கு அஞ்சி வசையை வாழ்த்தாக்குவது நம்முடைய மழுப்பல் முறைதான்.

வியப்புக்கு 'பை ஜோவ்' என்றால் 'அடேயப்பா', 'காஷ்' என்றால் 'அட' அல்லது 'அம்மாடி'. சிறுவர் கதைகளில் எனிட் பிளைட்டனின் பிள்ளைகள் பக்கத்துக்கு நாலு முறை 'காலி', 'காஷ்' என்பார்கள். அவற்றில் பாதியை விட்டுவிடுவதே நல்ல மொழிபெயர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் 'அடடா' போட்டால் பிள்ளைகள் ஓயாமல் பல்வலியால் முனகுவதுபோல் ஒலிக்கும்.

கடினம் 'குட் காட்' போன்ற இடங்களில்தான். 'கடவுளே' என்று தமிழில் போட்டால் சொல் சரி, எடை தப்பு. நம் வாசகர் அதில் பிரார்த்தனையைத்தான் கேட்பார், மீறலைக் கேட்கமாட்டார். டார்சி வாயில் அந்த வரி வரும்போது நான் மீறலை வேறு இடத்துக்கு மாற்றுவேன். அதுவரை 'மிஸ் பென்னட்' என்று முறையாக அழைத்துவந்தவர், அழைப்பை விட்டுவிட்டு "ஐயோ, என்ன ஆயிற்று?" என்று கேட்கட்டும். அந்த மனிதர் வேறெங்கும் 'ஐயோ' என்று சொல்லாதபடி மொழிபெயர்ப்பாளர் முழு நூலிலும் காவல் காக்க வேண்டும். திருமதி பென்னட்டுக்கு அந்தச் சிக்கனம் தேவையில்லை: "அடி அம்மா! என் தெய்வமே! நினைத்துத்தான் பாரேன்! ஐயையோ! மிஸ்டர் டார்சி! யார் கண்டது!"

இடைக்காலக் கத்தோலிக்கப் பாத்திரங்களுக்கு 'மாதா மேல் ஆணை' பொருந்தும். ஷேக்ஸ்பியர் காலத்து 'மேரி'க்கு அது கனம் கூடுதல்; 'அது வந்து' என்று போட்டு நகருங்கள். ஸ்காட்லாந்துச் சித்திரக்கதைச் சிறுவன் ஊர் வுல்லி 1936 முதல் 'ஜிங்ஸ்! கிரிவென்ஸ்!' என்று கத்திவருகிறான். அவனுக்கு ஒரு வட்டார வழக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நிற்பது நல்லது.

அச்சில் கோடு போட்டு மறைத்த 'டேம்' வந்தால் தமிழிலும் மறைக்கவேண்டுமா? ஆசிரியரோ பதிப்பாளரோ வழக்கத்துக்காக மறைத்திருந்தால் முழுச் சொல்லைப் போட்டுவிடலாம், கதைக்குள் யாரோ பேசும்போதே பாதியில் விழுங்கியிருந்தால் 'நாசமாய்ப்...' என்று புள்ளி வைத்து நிறுத்துங்கள். ஹக் ஃபின்னின் தலைமுடிக்கு மட்டும் நான் ஹோவெல்ஸின் பேச்சைக் கேட்கமாட்டேன். 'இடி விழ' என்று தமிழில் ஒரு சாபம் ஏற்கனவே இருக்கிறது. "இடி விழுந்தவர்கள், தலையைச் சீவோ சீவென்று சீவுகிறார்கள்" என்றால் 'தண்டர்' என்ற சொல்லும் காப்பாற்றப்படும், அந்தப் பையனின் வாயும் திரும்பக் கிடைக்கும்.